செனட்டரின் ஸ்டெனோவைத் தேடி

அக்டோபர் 5, ஞாயிறு: கோமோ

ஏரிக்கரையில் இறங்கியபோது மணி பத்து. மலையின் பாதி வரை மேகம் இறங்கியிருந்தது. மழை இல்லை, ஆனாலும் சால்வை ஈரமாகிவிட்டது. மிலனில் படிக்கும் தம்பி மகள்தான் எனக்குத் துணை. பேச்சும் வழியும் அவள் பொறுப்பு. எந்த ஊருக்குப் போவது என்பது மட்டும் என் விருப்பம்.

அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் 31 வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. ஓய்வு பெற்ற பிறகு இளைய பிளினியின் கடிதங்கள் கைக்குக் கிடைத்தன. கி.பி. 61 அல்லது 62-இல் இந்தக் கோமோவில் பிறந்து, ரோமில் செனட்டராகி, 100-ஆம் ஆண்டு ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் வரை போனவர். கோடையில் தன் நாள் எப்படிப் போகிறது என்று ஒரு கடிதத்தில் சொல்கிறார். விடியும்போதே விழித்துவிடுவார், ஆனால் ஜன்னல்கள் மூடியே இருக்கும். இருட்டில் படுத்தபடியே எழுத வேண்டியதை மனதுக்குள் சொல் சொல்லாகக் கட்டுவார். கட்டி முடித்ததும் சுருக்கெழுத்தாளரைக் கூப்பிடுவார். வெளிச்சம் உள்ளே வரும். சொல்லி முடித்ததும் அவரை அனுப்பிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவார், மறுபடி அனுப்பிவிடுவார்.

இதைப் படித்த அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை. மணி அடிக்கும் என்று கதவுக்கு வெளியே நோட்டும் பென்சிலுமாக நான் உட்கார்ந்திருந்த வருடங்கள் கொஞ்சமல்ல. அந்த ஆளின் பெயரைப் பிளினி சொல்லவில்லை. அவர் எந்த மாதிரி இடத்தில், எந்த மாதிரி வாழ்க்கைக்குப் பக்கத்தில் நின்றிருப்பார் என்று பார்க்கத்தான் வந்தேன்.

கோமோ பேராலயத்தின் நடுவாசலுக்கு ஒரு பக்கம் மூத்த பிளினி, மறுபக்கம் இளைய பிளினி, சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. மூத்தவர் இளையவருக்குத் தாய்மாமன். உயில் எழுதி மருமகனைத் தத்தெடுத்தவர். இருவரும் கிறிஸ்தவர்கள் இல்லை. இளையவர் பித்தினியாவில் (இன்றைய துருக்கியின் வடபகுதி) ஆளுநராக இருந்தபோது, கிறிஸ்தவர்கள் என்று சொல்லிப் பின்வாங்காதவர்களைக் கொல்ல அனுப்பியதாகவும், விவரம் அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகவும் பேரரசர் ட்ராஜனுக்குத் தானே எழுதியிருக்கிறார். அப்பெண்கள் சபையில் ஊழியம் செய்தவர்கள். அவர்களுக்கும் கடிதத்தில் பெயர் இல்லை. சொந்த ஊர்ப் பெருமை எவ்வளவு பெரிது என்று அந்த வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தேன்.

மதியம் ஒரு சிறிய கடையில் மிசோல்தினி சாப்பிட்டோம். ஏரியில் பிடிக்கும் மீனை உப்புப் போட்டு வெயிலில் உலர்த்தி, தகர டப்பாவில் பிரிஞ்சி இலையோடு அடுக்கி அழுத்தி வைக்கிறார்கள். பிறகு சுட்டு, வினிகர் தெளித்து, சோளமாவுக் களியோடு தருகிறார்கள். வாசனை வரும்போதே தம்பி மகள் சொன்னாள்: "அத்தை, இது நம்ம கருவாடுதான்." அதேதான். தட்டு 16 யூரோ. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 3 யூரோ தனி.

அக்டோபர் 6, திங்கள்: டோர்னோ

படகில் போகும்போது பிளினியானா மாளிகையைத் தண்ணீரிலிருந்து பார்த்தோம். மாளிகை பதினாறாம் நூற்றாண்டினுடையது. பெயர் மட்டும் இவருடையது. அங்கே ஒரு ஊற்று உண்டு. நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்கும் என்று பிளினி ஒரு நண்பருக்கு விவரித்து, காரணம் என்ன என்று கேட்டு எழுதிய ஊற்று. இந்த ஏரியில் அவருக்குப் பல வீடுகள். அதில் இரண்டுக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார். பாறை மேல் உயரமாக நின்றதற்குத் 'துயர நாடகம்', நடிகர்கள் உயரமான காலணி போட்டு நிற்பதுபோல் இருப்பதால். தண்ணீரோரம் தாழ்வாக இருந்ததற்கு 'இன்ப நாடகம்'.

திரும்பும் படகின் நேரத்தை நான் தவறாகக் குறித்திருந்தேன். விடுமுறை நாளுக்கான வரியைப் பார்த்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று, அதற்குள் நல்ல மழை. துறைக்கு எதிரே காபிக் கடை வைத்திருந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார். இரண்டாவது காபிக்குக் காசு வாங்கவில்லை. நான் திரும்பத் திரும்ப நாணயத்தை நீட்ட, அவர் என் விரல்களை மூடிவிட்டார்.

கடைக்குள் உட்கார்ந்திருந்தபோது தம்பி மகளுக்கு ஒரு கடிதத்தின் கதையைச் சொன்னேன். கோமோப் பையன்கள் படிக்க மிலனுக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பிளினி, ஊரிலேயே ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு நான் தருகிறேன் என்றார். முழுதும் தர அவருக்கு வசதி உண்டு. ஆனால் பெற்றவர்கள் கைக்காசு போட்டால்தான் நல்ல ஆசிரியரைப் பார்த்துப் பிடிப்பார்கள் என்று நினைத்தார். "அப்போவே மிலனுக்குத்தான் போனாங்களா?" என்று அவள் சிரித்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்: மிலன்

சான்ட் அம்ப்ரோஜியோ தேவாலயத்தின் முற்றத்துச் சுவரில் ஒரு கல்வெட்டுத் துண்டு பதித்திருக்கிறது. பிளினி கோமோவுக்குச் செய்தவற்றைச் சொல்லும் பெரிய கல்வெட்டில் எஞ்சிய பகுதி. மற்ற துண்டுகளில் இருந்தது பழைய பிரதிகள் மூலம் தெரியும்.

அரசு ஊழியராக இருந்தவர்கள் அதைப் பார்த்தால் என்னவென்று உடனே புரிந்துகொள்வார்கள். அது ஒரு சர்வீஸ் ரெஜிஸ்டர். கான்சல், குறி பார்க்கும் பூசாரிக் குழுவில் இடம், பொன்டஸ் பித்தினியா ஆளுநர், டைபர் ஆற்றின் கரைகளுக்கும் நகரச் சாக்கடைகளுக்கும் பொறுப்பாளர், கருவூல அதிகாரி, பிரீட்டர், ட்ரிப்யூன், குவெஸ்டர் என்று மேலிருந்து கீழே இறங்குகிறது. இருபத்தைந்து வயதில் குவெஸ்டராகத் தொடங்கினால் செனட்டுக்குள் நுழையலாம். ஆனால் அதற்கு முன் குறைந்தது 10 லட்சம் செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) சொத்து காட்ட வேண்டும். சட்டையில் அகலமான ஊதாப் பட்டைதான் செனட்டரின் அடையாளம்.

கல்வெட்டின் பின்பகுதி கொடைக் கணக்கு. குளியல் கட்டடம், நூலகப் பராமரிப்புக்கு 1 லட்சம், ஊர்ப் பிள்ளைகளின் வளர்ப்புக்கு 5 லட்சம். அப்புறம், தான் விடுதலை செய்த அடிமைகள் 100 பேரின் வாழ்வுக்கு 18,66,666 செஸ்டெர்ஸ். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் பணத்தின் வருமானத்தில் ஊராருக்கு விருந்து போட வேண்டும். பிள்ளைகளுக்கான 5 லட்சத்துக்கு ஆண்டு வருமானம் 30,000 என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார், அதாவது நூற்றுக்கு ஆறு. அதே விகிதத்தில் இந்தத் தொகையைப் போட்டால் ஆளுக்கு வருடம் சுமார் 1,120 வருகிறது. அப்போது ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200. ஒரு ஆள் மரியாதையாகச் சாப்பிட்டு வாழக்கூடிய ஓய்வூதியம் அது. அந்த நூறு பேரில் என் ஸ்டெனோவும் இருந்திருப்பார் என்று நம்ப ஆசையாக இருந்தது. கைப்பேசியில் கணக்குப் போட்டு முடித்தபோது தேவாலயம் மூடும் நேரம்.

அக்டோபர் 8, புதன்: ரோம்

கோமோவில் சால்வை, இங்கே குடை பிடிக்கும் அளவுக்கு வெயில். பழைய ரோமின் நடுச்சதுக்கமான ஃபோரத்தில் நிழலே இல்லை. தெருமுனைக் குழாய்களில் எந்நேரமும் குளிர்ந்த நீர் ஓடுகிறது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு நடந்தோம். உள்ளே போக ஆளுக்கு 18 யூரோ.

செனட் கூடிய மண்டபம், க்யூரியா, இன்றும் நிற்கிறது. சீசர் தொடங்கி, அகஸ்டஸ் கி.மு. 29-இல் முடித்தது. கி.பி. 283-இல் தீப்பிடித்த பிறகு பேரரசர் டயோக்ளீஷியன் திரும்பக் கட்டிய கட்டடத்தைத்தான் இன்று பார்க்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் தேவாலயமாக மாறியதால் பிழைத்தது. அதன் வெண்கலக் கதவுகள் இப்போது லாட்டரன் பேராலயத்தில் இருக்கின்றன. உள்ளே இரண்டு பக்கமும் அகலமான மூன்று தாழ்ந்த படிகள், அவற்றின் மேல் ஆசனங்கள் போட்டிருப்பார்கள். 600 உறுப்பினர்கள் என்று கணக்கு. அத்தனை பேரும் ஒருசேர வந்தால் உட்கார இடம் இருந்திருக்காது.

இங்கே ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. கி.பி. 100 ஜனவரி. ஆப்பிரிக்காவின் ஆளுநராக இருந்த மாரியஸ் பிரிஸ்கஸ், லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றமற்றவர்களைத் தண்டித்தார். செனட்டர்களுக்கு அடுத்த நிலையான குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த ஒரு ரோமரை நாடு கடத்தி, அவருடைய நண்பர்கள் ஏழு பேரைக் கொல்ல 3 லட்சம். இன்னொருவரை அடித்து, சுரங்கத்துக்கு அனுப்பி, கடைசியில் சிறையில் கழுத்தை நெரித்துக் கொல்ல 7 லட்சம். பிளினி செனட்டில் வழக்குரைத்தார். தலைமை தாங்கியவர் ட்ராஜன். நீர்க்கடிகாரம் 16 முறை வடியும் நேரம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், பேசினார். குரலையும் நெஞ்சையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுமாறு, பிளினிக்குப் பின்னால் நின்ற அவருடைய விடுதலை பெற்ற அடிமையிடம் பேரரசர் பலமுறை சொல்லி அனுப்பினாராம். பிளினிக்கு அதில் பெருமை தாங்கவில்லை. ஐந்து மணி நேரமும் பின்னாலேயே நின்ற அந்த ஆளின் காலைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். என் காலும் அப்போது வலித்துக்கொண்டிருந்தது.

இதே செனட் இன்னொன்றும் செய்தது. கி.பி. 61-இல் நகரத் தலைவர் பெடானியஸ் செகுண்டஸைச் சொந்த அடிமை ஒருவன் கொன்றான். வீட்டிலிருந்த அடிமைகள் அனைவரும் சாக வேண்டும் என்பது பழைய வழக்கம். அந்த வீட்டில் 400 பேர். பெண்கள், குழந்தைகள் உட்பட. விவாதம் நடந்தது. காசியஸ் லாஞ்சினஸ் என்ற சட்ட அறிஞர் எழுந்து, பயம் இல்லாமல் இவர்களை அடக்க முடியாது என்று வாதாடினார். அவர் பக்கம்தான் வென்றது. தெருவில் மக்கள் கல்லும் தீப்பந்தமுமாகத் தடுக்க வந்தார்கள். நீரோ வழி நெடுகப் படையை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினார். ஏறத்தாழ பிளினி பிறந்த வருடம் அது.

படித்திருந்தேன்தான். ஆனால் குளிர்ந்த பளிங்குத் தரையில், இவ்வளவு அழகான வட்டங்களும் பூக்களும் பதித்த தரையில் நின்று நினைக்கும்போது தாங்க முடியவில்லை. வெளியே வந்து ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு வயதான ஜெர்மன் பெண்மணி கேட்காமலே ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 9, வியாழன்: ரோம்

இன்று நடை குறைவு. ஒரு செனட்டரின் காலை எப்படி இருந்திருக்கும் என்று தம்பி மகள் கேட்டாள். விடிவதற்கு முன்பே வாசலில் கூட்டம். அவரை அண்டி வாழ்பவர்கள் டோகா என்ற நீள மேலாடை உடுத்தி வணக்கம் சொல்ல வந்து நிற்பார்கள். கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். அப்புறம் நீதிமன்றம், செனட், குளியல், விருந்து. ஆனால் மேலே பேரரசர். அவர் அனுமதி இல்லாமல் ஒரு செனட்டர் இத்தாலியை விட்டு வெளியே போகக்கூட முடியாது. பேரரசர் டொமிஷியன் 93-இல் செனட்டர்களைக் கொன்றபோது, சுற்றிலும் இடி விழுந்ததுபோல் இருந்தது என்கிறார் பிளினி. நினைத்ததைச் சொன்னால் ஆபத்து, நினைக்காததைச் சொன்னால் கேவலம், அதனால் சபையே நாக்கில்லாமல் இருந்தது என்றும் பிற்காலத்தில் எழுதினார். இருந்தும் அதே டொமிஷியன் காலத்தில்தான் அவரும் பதவி ஏறினார். அதை அவர் தெளிவாகப் பேசுவதில்லை. அதற்காக அவரைக் கடுமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தில் தலைகுனிந்து குறிப்பெடுத்த நாட்கள் எனக்கும் உண்டு.

மதியச் சாப்பாடு காச்சோ எ பெப்பே. பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட நூடுல்ஸ், 13 யூரோ. மிளகு நன்றாகக் காரமாக இருந்தது. மூத்த பிளினி மிளகின் மேல் கோபப்பட்டவர்: காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதற்காக இந்தியா வரை போகிறோமே என்று. அவர் காலத்தில் கருமிளகு ராத்தல் 4 டெனாரியஸ், அதாவது 16 செஸ்டெர்ஸ். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸை உறிஞ்சுகிறது என்றும் எழுதிவைத்தார். அவர் பெயர் சொல்லும் முசிறி, சேர நாட்டுத் துறைமுகம். நேற்று நாங்கள் கடந்துவந்த மேக்ஸென்டியஸ் மண்டபத்துக்கு அடியில்தான் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்ததும் கடைக்காரர், சமையல்காரர், பாத்திரம் கழுவும் பையன் எல்லாரும் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு வந்த அதே நூடுல்ஸ், அதே குடுவை ஒயின். எனக்கு ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. ஒரு விருந்தில் வீட்டுக்காரர் மூன்று வகை ஒயின் ஊற்றினாராம்: தனக்கும் பிளினிக்கும் ஒன்று, அந்தஸ்தில் குறைந்த நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. பக்கத்தில் இருந்தவர், நீங்கள் எப்படி என்று கேட்க, எல்லாருக்கும் ஒரே ஒயின்தான் என்றார் பிளினி. செலவாகுமே? ஆகாது, அவர்கள் என் ஒயினைக் குடிப்பதில்லை, நான் அவர்களுடையதைக் குடிக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி: காஸ்டல் ஃபுசானோ

கடற்கரை ரயிலில் ஒன்றரை யூரோ. ரோமிலிருந்து 17 மைலில் தன் லாரன்டம் வீடு இருந்தது என்றும், நகரத்து வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் பொழுதோடு போய்ச் சேரலாம் என்றும் பிளினி சொல்கிறார். பாதையில் மணல், வண்டிக்குக் கஷ்டம், குதிரைக்குச் சுலபம். மணல் இன்னும் இருக்கிறது. என் செருப்பின் அடிப்பாகம் காட்டுக்கு நடுவில் கழன்று விட்டது. தம்பி மகள் தலைமுடிப் பட்டையால் கட்டிவிட்டாள்.

காட்டுக்குள் 'பிளினியின் வில்லா' என்ற பெயரில் சில இடிபாடுகள். வேலிக்கு வெளியே இருந்துதான் பார்க்க முடிந்தது. அது அவருடையதுதான் என்பதை அறிஞர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இருந்தாலும் அந்தக் கடற்காற்றில் கடிதத்தைப் படித்தேன். சூரியன் போகும் வழியெல்லாம் ஜன்னல் வைத்த வளைந்த அறை, சுவருக்குள் பதித்த புத்தக அலமாரி. அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் இருக்கும் அறைகளில் பெரும்பாலானவை விருந்தினரைத் தங்கவைக்கும் அளவுக்கு நன்றாக இருக்கும் என்கிறார். சாட்டர்னாலியா பண்டிகையில் வீடே கூச்சல் போடும்போது அவர் ஒதுங்கி, சத்தம் எட்டாத அறைக்குப் போய்விடுவார். அவர்கள் கொண்டாட்டத்துக்குத் தான் இடைஞ்சலில்லை, தன் படிப்புக்கு அவர்கள் இடைஞ்சலில்லை.

சோசிமஸ் என்ற விடுதலை பெற்ற அடிமைக்கு இரத்தமாக இருமல் வந்தபோது எகிப்துக்கு அனுப்பினார். நோய் திரும்பியதும் நல்ல காற்றும் பாலும் கிடைக்கும் நண்பரின் பண்ணைக்கு அனுப்பினார். ஆனால் லார்சியஸ் மாசிடோ என்ற செனட்டரை அவருடைய அடிமைகள் குளியலறையில் அடித்துப்போட்டதைக் கேள்விப்பட்டதும், எவ்வளவு நல்ல எஜமானனுக்கும் பாதுகாப்பில்லை என்று நடுங்கி எழுதினார். மாசிடோ கொடுமைக்காரர் என்று அதே கடிதத்தில் அவரே சொல்கிறார். அன்பும் பயமும் ஒரே கூரைக்கு அடியில் இருந்த வீடு அவருடையது.

சுற்றிலும் குடை பைன் மரங்கள். கிளையே இல்லாத நீண்ட தண்டு, உச்சியில் மட்டும் விரிந்த பச்சைக் குடை.

அக்டோபர் 12, ஞாயிறு: மிசேனோ

நேற்று முழுதும் பயணமும் தூக்கமும். இன்று பாக்கோலியில் பிசீனா மிராபிலிஸ் பார்த்தோம். கடற்படைக்கான நீர்த்தொட்டி, 70 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம், 48 தூண்கள். இறங்கிப் போனால் கோயில் மண்டபம் போல் எதிரொலிக்கிறது.

பிளினியின் தாய்மாமன் இங்கே கடற்படைத் தளபதி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மருமகனுக்குப் பதினேழு வயது. அம்மாதான் முதலில் மேகத்தைக் காட்டினார். பைன் மரம் போல் இருந்தது, தண்டு நீண்டு உச்சியில் கிளை விரித்து, என்று எழுதுகிறார். வெள்ளிக்கிழமை அந்த மரங்களுக்கு அடியில் நடந்திருக்காவிட்டால் எனக்கு இது வெறும் உவமையாகவே இருந்திருக்கும். வெடித்த நாள் கடிதத்தின் பிரதிகளில் ஆகஸ்ட் 24 என்று இருக்கிறது. 2018-இல் பொம்பேயில் கிடைத்த, அக்டோபர் தேதியிட்ட கரிக்கிறுக்கலுக்குப் பிறகு அக்டோபர் என்று சொல்பவர்கள் அதிகம். நாங்கள் நின்றதும் அதே அக்டோபர் வெயிலில்.

மதியம் மிளகு போட்டு வேகவைத்த சிப்பிக்கறி, 12 யூரோ. சாறை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட வேண்டும் என்று பரிமாறியவர் செய்துகாட்டினார்.

அக்டோபர் 13, திங்கள்: ஒப்லோன்டிஸ், ஸ்டாபியே

டொரே அன்னுன்ட்சியாட்டா ஊருக்கு நடுவில் பள்ளத்தில் கிடக்கிறது ஒப்லோன்டிஸ் மாளிகை. மயில்களும் பழக்கூடைகளும் வரைந்த விருந்தறைகள், 60 மீட்டர் நீச்சல் குளம். அவற்றை விட்டு நான் வெகுநேரம் நின்றது ஒரு நடையில். சுவர் முழுதும் கறுப்பு வெள்ளைச் சாய்வுக்கோடுகள், வேறு ஓவியம் எதுவும் கிடையாது. வேலையாட்கள் போய்வந்த பகுதி அது என்பதற்கு இந்தக் கோடுகள்தான் அடையாளம். விருந்தினர் கண்ணில் படாமல் தட்டும் விளக்கும் தூக்கிக்கொண்டு இந்தக் கோட்டோரமாகப் போயிருப்பார்கள். கையை நீட்டினேன், தொடவில்லை.

மாலையில் காஸ்டெல்லாமரே கடற்கரை. பழைய ஸ்டாபியே இதுதான். மாமனை மருமகன் விவரிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: மாமன் எங்கே போனாலும் பக்கத்தில் சுருக்கெழுத்தாளர் இருப்பார், குளிர்காலத்தில் அவர் கை விறைத்து நேரம் வீணாகக்கூடாது என்று கைக்கு உறை உண்டு. எரிமலையை நோக்கிக் கப்பலில் போனபோதும் பார்த்ததையெல்லாம் மாமன் சொல்லச் சொல்ல யாரோ எழுதிக்கொண்டே போனார்கள். சாம்பல் சூடாக விழ விழ எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் இந்தக் கரையில் ஒரு பாய்த்துணியை விரித்து மாமன் படுத்தார். குளிர்ந்த நீர் கேட்டார், மறுபடி கேட்டார். நெருப்பும் கந்தக நாற்றமும் வந்தபோது இரண்டு அடிமைகள் மேல் சாய்ந்து எழுந்தார், உடனே விழுந்துவிட்டார். உடலைக் கண்டெடுத்தபோது உடுத்தியது கலையாமல், தூங்குபவர்போல் இருந்தார்.

தண்ணீரை எத்தனை முறை கேட்டார், எத்தனை பேர்மேல் சாய்ந்தார் என்பது மிசேனோவில் இருந்த பையனுக்கு எப்படித் தெரியும்? நடந்த உடனேயே கேட்டறிந்ததை எழுதினேன் என்கிறார். பக்கத்தில் இருந்து, உயிரோடு திரும்பிய ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அது அந்த ஸ்டெனோ என்றே எனக்குப் படுகிறது. கேட்டதைக் கேட்டபடி, எண்ணிக்கை தப்பாமல் சொல்வது எங்கள் பழக்கம்.

தம்பி மகள் நோட்டை நீட்டி, "அத்தை, பிளினின்னு ஷார்ட்ஹேண்ட்ல எழுதிக் காட்டுங்க" என்றாள். மூன்று கோடு போட்டேன். அடுத்து அவர் ஸ்டெனோ பெயரை எழுதச் சொன்னாள். காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தது. பென்சிலைக் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டேன். ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.